அம்மாவுக்குத் தெரியாமல் இந்த ஆபரேஷன் நடக்காது

வட மாவட்டம் ஒன்றிலிருந்து 33 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 54. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, 2பி நிலை, அதாவது கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள் இறங்கிய நிலை. 25 நாள் வெளிக் கரண்ட் (கதிர்வீச்சு), வாரம் ஒன்றாக ஐந்து முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, கடைசியில் உள் கரண்ட். கட்டி முழுவதும் கரைந்துவிட்டது என்றார்கள். பதினான்கு மாதம் நன்றாக இருந்தவருக்கு மறுபடி ரத்தக்கசிவு. சதை எடுத்துச் சோதித்ததில் நோய் அதே இடத்தில் திரும்பியிருப்பது உறுதியானது. எம்.ஆர்.ஐ.யில் 3.5 செ.மீ. கட்டி. அது முன்னால் சிறுநீர்ப்பையோடு ஒட்டியிருக்கிறது, பின்னால் மலக்குடலுக்கு 'மிக அருகில்' இருக்கிறது. உடம்பு முழுக்க நோயைத் தேடும் பெட் ஸ்கேனில் வேறெங்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரு மருத்துவர், கர்ப்பப்பையோடு சிறுநீர்ப்பை, மலக்குடல், யோனி எல்லாவற்றையும் எடுத்து, சிறுநீருக்கு ஒன்று மலத்துக்கு ஒன்று என்று வயிற்றின் மேல் இரண்டு பை வைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், இந்த வயதில் இது வேண்டாம், கீமோ போதும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்பது சித்தப்பாவின் வாதம். அப்பா வாயே திறப்பதில்லை. அம்மாவுக்கு இதுவரை 'கர்ப்பப்பையில் புண்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மகள் கேட்பவை: இப்படி எல்லாவற்றையும் எடுப்பது நியாயமா? எடுத்தால் பிழைப்பாரா? கீமோவிலேயே குணமாகாதா? எவ்வளவு செலவாகும்? எனக்கும் என் மகளுக்கும் இது வருமா? கடைசியாக, 'கர்ப்பப்பையை மட்டும் எடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னால் போதுமா?'

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைக்காமல் மற்ற கேள்விகளுக்குள் போகவே முடியாது.

போதாது. சட்டப்படியும் போதாது, மருத்துவப்படியும் போதாது. சுயநினைவோடு இருக்கிற, புரிந்துகொள்ளக்கூடிய ஒரு பெரியவருக்கு ஆபரேஷன் செய்ய அவருடைய சம்மதம்தான் வேண்டும். கணவரோ பிள்ளைகளோ அவருக்குப் பதிலாகப் போடும் கையெழுத்து அந்த இடத்தை நிரப்பாது. மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்த ஒரு வழக்கில், அது சம்மதமே ஆகாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனைகள் உறவினர் கையெழுத்தையும் கேட்பது வழக்கம்தான். ஆனால் அது கூடுதல் கையெழுத்து. அம்மாவின் கையெழுத்துக்கு ஈடு ஆகாது.

சட்டத்தை விடுங்கள். பல வருடங்களுக்கு முன், நான் பயிற்சியில் இருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குடும்பம், உங்களைப் போலவே பாசத்தால், நோயாளியிடம் பையைப் பற்றிச் சொல்லவில்லை. பெரிய டாக்டரிடமும் 'எல்லாம் சொல்லியாகிவிட்டது' என்றார்கள், அவரும் நம்பிவிட்டார். ஆபரேஷன் பிரமாதமாக முடிந்தது. நான்காம் நாள் அந்த அம்மா போர்வையை விலக்கித் தன் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. சாப்பிடவில்லை, எழுந்து நடக்கவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நடக்காமல் படுத்திருப்பது ஆபத்து. காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். அவர் பிழைத்தார். ஆனால் மகளை மன்னிக்க நெடுநாள் ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நம்புகிறீர்கள். 25 நாள் கரண்ட் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். பக்கத்தில் முடி கொட்டிய பெண்களும் குழாய் போட்ட பெண்களும் இருந்திருப்பார்கள். அந்த பெஞ்சில் பேசப்படாத விஷயம் எதுவும் கிடையாது. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களை நோகடிக்கக் கூடாதென்று அவர் ஒரு பக்கம் நடிக்கிறார், நீங்கள் ஒரு பக்கம் நடிக்கிறீர்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். முழுவதையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். 'உனக்கு என்ன நோய்னு நீ நினைக்கிறேம்மா?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அங்கிருந்து தொடருங்கள். 'எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு உனக்குத் தோணுது?' என்றும் கேளுங்கள். 'எனக்குச் சொல்ல வேண்டாம், நீயே பார்த்துக்கோ' என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவர் உரிமைதான். ஆனால் அப்படிச் சொல்பவருக்கு இந்த ஆபரேஷன் பொருந்தாது. இதற்கு அப்புறமான வாழ்க்கையை வாழப்போவது அவர்தான். வீட்டில் பேச வாய் வரவில்லை என்றால் மருத்துவரிடமே நேரம் கேட்டு வாங்குங்கள். வரிசை நகரும் ஓ.பி. நேரத்தில் ஐந்து நிமிடத்தில் பேசுகிற பேச்சல்ல இது.

இது என்ன ஆபரேஷன்

இதன் பெயர் பெல்விக் எக்ஸென்ட்டரேஷன். இடுப்புக் கூட்டுக்குள் இருக்கும் உறுப்புகளை ஒரே தொகுப்பாக எடுப்பது. 1948இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் என்ற அறுவை மருத்துவர் 22 பெண்களுக்குச் செய்து முதன்முதலில் எழுதினார். அவர்களில் ஐந்து பேர் ஆபரேஷனிலோ அதை ஒட்டியோ இறந்தார்கள். அன்றைக்கு இது வலியையும் நாற்றத்தையும் ரத்தப்போக்கையும் குறைக்க வேறு வழியே இல்லாதபோது எடுத்த முயற்சி. சிறுநீர்க் குழாய்களைப் பெருங்குடலிலேயே இணைத்துவிட்டார்கள், சிறுநீரும் மலமும் ஒரே துவாரத்தில் வெளியேறின. சிறுநீரகத்தில் கிருமி ஏறிப் பலர் அவதிப்பட்டார்கள். 1950இல் யூஜீன் பிரிக்கர் சிறுகுடலில் ஒரு சாண் அளவு துண்டை வெட்டி, சிறுநீருக்குத் தனி வழி அமைக்கும் முறையைச் சொன்னார். இன்றும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம்.

'கசாப்புக் கடை வேலை' என்று உங்கள் சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் மருத்துவர்களே இதைப் பற்றிக் கடுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் 1948இன் ஆபரேஷனும் இன்றைய ஆபரேஷனும் ஒன்றல்ல. மயக்க மருந்து, ரத்த வங்கி, ஆன்டிபயாடிக், ஐ.சி.யூ., ஸ்கேன் எல்லாம் மாறிவிட்டன. கத்தி பட்டால் பரவும் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டியை வெட்டித் திறக்காமல், சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து முழுசாக எடுப்பதுதான் இதன் அடிப்படையே. நோய் ஏற்கெனவே பரவியிருந்து, அது தெரியாமல் ஆபரேஷன் செய்து, பிறகு வேறிடத்தில் தலைகாட்டினால் ஊர் 'கத்தி பட்டுப் பரவிடுச்சு' என்று சொல்லும்.

இதில் வகைகள் உண்டு. முன்பக்கம் மட்டும் எடுப்பது என்றால் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, யோனி போகும், மலக்குடல் தங்கும். பின்பக்கம் மட்டும் என்றால் மலக்குடல் போய்ச் சிறுநீர்ப்பை தங்கும். முழுவதும் என்றால் எல்லாம். உங்கள் அம்மாவின் எம்.ஆர்.ஐ. மலக்குடலுக்கு 'மிக அருகில்' என்கிறது, 'ஒட்டியிருக்கிறது' என்று சொல்லவில்லை. முன்பக்கம் மட்டும் எடுத்தால் போதாதா என்று கட்டாயம் கேளுங்கள். போதும் என்றால் பை ஒன்றுதான். 'கரண்ட் பட்ட குடலை விட்டுவைத்தால் பின்னால் ஓட்டை விழும், கட்டியைச் சுற்றி நோயில்லாத விளிம்பும் கிடைக்காது' என்று மருத்துவர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. பை ஒன்றா இரண்டா என்பதற்காகக் கட்டியின் விளிம்பில் சமரசம் செய்தால் ஆபரேஷனே வீண்.

அம்மாவுக்கு இது பொருந்துமா

நோய் நடுவில் மட்டும் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. இடுப்பு எலும்புச் சுவரோடு கட்டி ஒட்டியிருந்தால் சுற்றிலும் நல்ல சதையோடு எடுக்க முடியாது. நுரையீரல், கல்லீரல், மேல் வயிற்று நிணநீர் முடிச்சுகள் என்று எங்காவது போயிருந்தாலும் இது பயன்படாது. ஸ்கேனுக்கு முன்பே உடம்பு காட்டிக்கொடுக்கும் மூன்று குறிகள் உண்டு: ஒரு கால் மட்டும் வீங்குவது, இடுப்பிலிருந்து காலின் பின்பக்கமாக இறங்கும் வலி, ஒரு பக்கச் சிறுநீரகம் அடைபட்டு வீங்குவது. மூன்றும் சேர்ந்து வந்தால் நோய் சுவரைப் பிடித்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. அம்மாவிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள். கால்வலியை 'மாவு அரைச்ச அலுப்பு' என்று சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவருக்குச் சாதகமானவை இவை: நோய் திரும்பியது உடனே அல்ல, பதினான்கு மாதம் கழித்து. கட்டி பெரிதாக இல்லை. பெட் ஸ்கேன் சுத்தம். சதைப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், கரண்ட் பட்ட இடம் புற்றுநோய் இல்லாமலேயே புண்ணாகி ஸ்கேனில் ஒளிரும். வயது 54 ஒரு தடையே இல்லை. 'இந்த வயதில் எதற்கு' என்ற வார்த்தையை நான் ஏற்கவில்லை. உடல்வலு, சிறுநீரகம், இதயம், சர்க்கரை, சாப்பாடு இவைதான் கணக்கு.

சரி, அப்படியானால் கட்டாயம் செய்துவிடுவார்களா? இங்கேதான் குடும்பங்கள் ஏமாந்துபோகிற இடம். வயிற்றைத் திறந்தபின் முதல் ஒரு மணி நேரம் தேடல்தான் நடக்கும். சந்தேகமான முடிச்சுகளையும் ஓரங்களையும் எடுத்து அங்கேயே உறையவைத்துச் சோதிப்பார்கள். ஸ்கேனில் தெரியாத நோய் வெளிப்பட்டால் ஒன்றும் எடுக்காமல் மூடிவிட வேண்டியதுதான். ஒரு காலத்தில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு இப்படி ஆனது. பெட் ஸ்கேன் வந்தபின் குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. கண் விழித்ததும் 'எடுத்தாச்சா?' என்றுதான் அம்மா முதலில் கேட்பார். எடுக்காமலும் வர நேரலாம் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உயிர்க்கணக்கு

எண்களைக் கேட்டிருக்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். ஆபரேஷன் எட்டு மணி நேரம் போகும், பத்தும் தாண்டும். ரத்தம் ஏற்ற வேண்டிவரும். மருத்துவமனையில் இரண்டு மூன்று வாரம். அனுபவமுள்ள இடங்களில் ஆபரேஷனை ஒட்டி இறப்பவர்கள் 100 பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை. பெரிய சிக்கல் ஏதாவது ஒன்று மூன்றில் ஒருவருக்காவது வரும், பாதிப்பேருக்கு வந்த இடங்களும் உண்டு. சீழ் கட்டுவது, குடல் அடைப்பு, தையல் விட்டுச் சிறுநீர் கசிவது, காலில் ரத்தம் உறைவது, உறுப்புகள் போன வெற்றிடத்தில் குடல் இறங்கிச் சிக்குவது இவையெல்லாம் அதில் அடங்கும். அந்த வெற்றிடத்தை வயிற்றுக் கொழுப்புத் திரையாலோ தொடை, வயிற்றுத் தசையாலோ நிரப்புவோம். கரண்ட் பட்ட சதை லேசில் ஆறாது, அதனால்தான் இத்தனை தொல்லை. ஒரே ஆபரேஷனோடு முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். மறுபடி சேர்க்க வேண்டிவருவது சகஜம்.

இதையெல்லாம் தாண்டி என்ன கிடைக்கிறது? கட்டியை ஓரம் சுத்தமாக எடுக்க முடிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து ஆண்டு கடந்து உயிரோடு இருக்கிறார்கள். ஓரத்தில் நோய் தங்கிவிட்டால் அந்த எண் மிகவும் இறங்கிவிடும். பாதிதானா என்று தோன்றும். கரண்ட் கொடுத்த இடத்தில் திரும்பிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 'முழுக் குணம்' என்ற சொல்லைப் பயன்படுத்த இடம் தருகிற வழிகள் மிகக் குறைவு. உங்கள் அம்மாவின் கட்டி அளவுக்கு அந்த வழி பெரும்பாலும் இதுதான்.

கீமோ ஏன் இதற்கு மாற்று அல்ல

கீமோ நோயைச் சுருக்கும், நாளை நீட்டும், துன்பத்தைக் குறைக்கும். திரும்பிய நோயை வேரோடு எடுப்பது அரிது. 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் சுமார் 13 மாதம் கடந்தார்கள், கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சேர்த்தபோது சுமார் 17 மாதம். 2021இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்துப் பார்த்ததில், இரண்டு ஆண்டு முடிவில் 100க்கு 50 பேர் உயிரோடு இருந்தார்கள், சேர்க்காதவர்களில் 40 பேர். இந்த எண்களை ஆபரேஷன் எண்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்குத் தேர்வாகிறவர்கள் நோய் ஓரிடத்தில் மட்டும் உள்ளவர்கள். மருந்து ஆய்வுகளில் இருந்தவர்களில் பலருக்கு நோய் பரவியிருந்தது.

கீமோ பக்கம் போவதாக முடிவானால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எடுத்த சதையில் பி.டி.எல்.1 சோதனை செய்யலாமா. பெம்ப்ரோலிசுமாப் பயன்படுமா என்பதற்கு அது வழிகாட்டும். மருந்து லட்சக்கணக்கில் ஆகும் என்பதால் பலன் தெரிந்து இறங்குவது நல்லது. இரண்டு, பெவாசிசுமாப் போட்டால் ஓட்டை விழும் ஆபத்து எவ்வளவு. கரண்ட் பட்ட இடத்தில் கட்டி சிறுநீர்ப்பையோடு ஒட்டியிருக்கும்போது அந்த மருந்து சிறுநீர் யோனி வழியாக இடைவிடாமல் கசியும் நிலைக்குத் தள்ளக்கூடும். நான் என்றால் உங்கள் அம்மாவுக்கு அதைக் கொடுக்கத் தயங்குவேன்.

மறுபடி கரண்ட் வைக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அதே இடம் தாங்கக்கூடிய அளவை ஏறக்குறைய வாங்கிவிட்டது. சிலருக்கு, சிறிய கட்டிக்கு, தனி முறைகளில் வைப்பதுண்டு. ட்யூமர் போர்டு என்று பல துறை மருத்துவர்கள் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் இதையும் ஒரு கேள்வியாக வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுக்கும் சின்ன ஆபரேஷன், கட்டி 2 செ.மீ.க்குள் கர்ப்பப்பை வாயிலேயே நின்றிருந்தால் யோசிக்கலாம். அம்மாவின் கட்டி அதைத் தாண்டிவிட்டது.

பையோடு மாவு அரைக்கிற வாழ்க்கை

எண்களை எல்லோரும் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை. கடைசியில் முடிவு பெரும்பாலும் இதை வைத்துத்தான் அமைகிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பை எங்கே அமைய வேண்டும் என்று வயிற்றில் மையால் குறிப்பார்கள். படுத்த நிலையில் மட்டும் குறிக்கவிடாதீர்கள். அம்மா தினமும் கட்டுகிற சேலையையும் பாவாடையையும் எடுத்துப் போங்கள். பாவாடை நாடா எங்கே இறுகுகிறது, குனிந்தால் வயிறு எங்கே மடிகிறது, தரையில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். நாடாவின் கீழே பை வந்தால் ஒவ்வொரு நாளும் கசியும். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே ஸ்டோமா நர்ஸ் இருப்பார். பை விஷயத்தில் என்னைவிட அவர் சொல்வதைக் கேளுங்கள்.

சிறுநீர் சேரும் வெளிப் பையை மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே திறந்து ஊற்ற வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை பையை மாற்றலாம். இரவில் ஒரு பெரிய பையை இணைத்துவிட்டால் தூக்கம் கெடாது. சிறுநீரில் வெள்ளையாகச் சளி போல மிதக்கும், பயப்பட வேண்டாம், அது குடல் துண்டு தன் வழக்கப்படி சுரப்பது. வெயில் காலத்தில் வியர்வையில் ஒட்டு கழலும், அதற்கு இடுப்புப் பட்டை கிடைக்கிறது. இரண்டு பை வேண்டாம் என்பவர்களுக்குச் சில இடங்களில் ஒரே துவாரத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பாதை வைத்து ஒரே பையில் இணைக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனாலும் கேட்டு வையுங்கள்.

இட்லி மாவு. ஆறு வாரமாவது கனமான எதையும் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகும் கல் கிரைண்டரின் குழவியைத் தூக்குவது, மாவுக் குண்டானை இடுப்பில் வைப்பது கூடாது. பைக்குப் பக்கத்தில் குடல் பிதுங்கும். சாய்க்கிற கிரைண்டர் வாங்கி, தூக்குகிற வேலையை வேறொருவர் பார்த்தால் கடையைத் தொடரலாம். என்னிடம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் பூக்கட்டுகிறார், ஒருவர் ரேஷன் கடையில் எடை போடுகிறார். பஸ்ஸில் போகிறார்கள், கல்யாணத்துக்குப் போகிறார்கள். 'கோயிலுக்குப் போகலாமா?' என்பது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. போகலாம். மூடிய பையில் நாற்றம் வராது. வயிற்றுக்குள் இருப்பதைச் சாமி இத்தனை நாள் பொறுத்துக்கொண்டது, பைக்குள் இருப்பதையும் பொறுத்துக்கொள்ளும் என்று ஒரு பாட்டி சொன்னார். அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

தாம்பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மகள் எப்படிக் கேட்பாள்? ஆனால் யோனியும் போகிறது. வேண்டுமென்றால் தொடைத் தசையாலோ வயிற்றுத் தசையாலோ அதை மறுபடி அமைக்கலாம். அது வேண்டுமா வேண்டாமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். 54 வயதுக்கு இது தேவையில்லை என்று குடும்பமோ மருத்துவரோ முடிவு செய்துவிடக் கூடாது. அம்மாவோடு பெண் மருத்துவரோ நர்ஸோ தனியாகப் பேசட்டும். நீங்கள் பத்து நிமிடம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்பாவோடும் யாராவது ஒருவர் பேச வேண்டும். அவர் வாய் திறக்காததற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அம்மா 'வேண்டாம்' என்று சொன்னால்

இந்த ஆபரேஷனை மறுப்பது தற்கொலைக்குச் சமம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்து வருந்தினேன். எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டு, 'இப்படி வேண்டாம், இருக்கிற வரை இருக்கிறேன்' என்று சொன்ன பெண்கள் எனக்குத் தெரியும். அவர்கள் கோழைகளும் அல்ல, அறியாதவர்களும் அல்ல. அப்படி முடிவானால் வலிநிவாரணத் துறையை, அதாவது பேலியேட்டிவ் கேரை, அன்றைக்கே தொடங்குங்கள். கடைசி வாரத்துக்கானது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். கீமோ ஓடும்போதே, ஏன், ஆபரேஷனுக்குத் தயாராகும்போதே அவர்களைப் பார்க்கலாம். மார்ஃபின் மாத்திரை மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்தால் போதைக்கு அடிமையாக்காது, சாவைக் கிட்டே கொண்டுவராது. அடைபட்ட சிறுநீரகத்துக்கு முதுகில் குழாய், ரத்தக்கசிவுக்கு மருந்து வைத்து அடைப்பு, நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் என்று ஒவ்வொன்றுக்கும் கைவைத்தியம் போலச் சின்னச் சின்ன வழிகள் இருக்கின்றன.

பணமும் இடமும்

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றையும் ரேஷன் அட்டையையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு இப்போதே போங்கள். ஆபரேஷன் தேதி வந்தபின் அலைய முடியாது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எந்த ஆபரேஷன் பெயரில் அனுமதி கேட்கிறார்கள், தொகை போதாவிட்டால் மீதி எவ்வளவு, பைகள் அதில் சேருமா என்று எழுதி வாங்குங்கள். பைச் செலவு மாதா மாதம் வரும், அதையும் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, பெரிய கட்டடம் என்பதைவிட 'இதை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?' என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் குழுதான் வேண்டும். மகளிர் புற்றுநோய் அறுவை மருத்துவர், சிறுநீரகவியல் மருத்துவர், குடல் அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன், ஸ்டோமா நர்ஸ் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். முதல் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கரண்ட் எவ்வளவு, எந்தெந்த இடத்தில் என்ற குறிப்பையும், சதைப் பரிசோதனைக் கண்ணாடித் துண்டுகளையும், ஸ்கேன் சி.டி.யையும் மறக்காமல் வாங்குங்கள். இதற்கெல்லாம் இரண்டு மூன்று வாரம் போனால் பரவாயில்லை. மூன்று மாதம் போகக் கூடாது.

அந்த வாரங்களை வீணாக்காதீர்கள். தினமும் இரண்டு முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் ஏற்றுங்கள். ரத்தம் குறைந்திருந்தால் சரிசெய்யச் சொல்லுங்கள். சர்க்கரையை வாரம் ஒரு முறை பாருங்கள். காலையும் மாலையும் நடக்கட்டும். சித்தப்பா கொண்டுவந்த கஷாயத்தை ஆபரேஷனுக்கு முன் நிறுத்திவிடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சிறுநீரகத்தோடு விளையாட முடியாது.

கடைசியாக, உங்களுக்கும் உங்கள் மகளுக்கும். இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அம்மாவிடமிருந்து மகளுக்கு வழிவழியாக வரும் நோய் இல்லை. தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த வைரஸைச் சந்திக்கிறார்கள், அநேகருக்கு அது தானாகவே போய்விடுகிறது. ஆகவே அம்மாவையோ அப்பாவையோ யாரும் சந்தேகக் கண்ணோடு பார்க்க இதில் ஒன்றுமில்லை. உங்களுக்கு 33 வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைக் கடந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்கிறார்கள், சில நிமிட வேலை. மகளுக்கு 11 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், எச்.பி.வி. தடுப்பூசிக்கு ஏற்ற வயது. 9 முதல் 14 வயதுக்குள் ஒரு தவணையோ இரண்டோ போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லிவிட்டது. நம் நாட்டுத் தயாரிப்பே இப்போது கிடைக்கிறது. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து நீங்கள் போங்கள், அவளையும் கூட்டிப் போங்கள்.